வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த கோழிகள்

இன்று காலை எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அவசரச் செய்தி!

மொட்டை மாடியில் கோழி வளர்க்கும் மேல்வீட்டுப் பெண் போட்டிருந்தாள். கோழிகளுக்குப் பேன், வயிற்றில் புழு, யாருக்காவது மருந்து தெரியுமா என்று.

ஆளாளுக்குப் பவுடர், சிரப், ஸ்பிரே என்று லிங்க் அனுப்பினார்கள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக டைப் செய்தேன்: "வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து மட்டும் குளிப்பாட்டிவிடாதே."

குரூப் முழுக்கச் சிரிப்பு எமோஜி! (ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்தவள்.)

சரி, இங்கேயே முழுதும் சொல்லிவிடுகிறேன்.

திருக்கொச்சி ராஜ்யம் இருந்த காலம். கேரளம் இன்னும் பிறக்கவில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து தலைநகருக்கு வந்து, அங்கே கரமனையில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடையில் கணக்கு வேலை. நான் மூன்றாம் கிளாஸ். காலேஜில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் காசநோய் என்று படுக்கையில் விழுந்துவிட்டான்.

ஊசி நான் போடுகிறேன், உடம்பைத் தேற்றுவது உங்கள் பொறுப்பு, தினமும் முட்டை கொடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முட்டை! எங்கள் வீடோ சுத்த சைவம்.

கடையில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள். போதாததற்கு, பின்மதிலுக்கு அந்தப் பக்கம் அக்ரஹாரத்து மாமியின் மாட்டுத் தொழுவம். மருந்துக்குத்தான் என்று எத்தனை பேரிடம் விளக்குவது? ஒரு மழைநாளில் அப்பா குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி ஒரு கூடையோடு வந்தார். உள்ளே நாலு பெட்டைக் கோழிகள். கொல்லையில் விறகு அடுக்கும் புரையில் கிடந்த பழைய மரப்பெட்டி அவற்றுக்குக் கூடு ஆயிற்று.

ஆனால் கோழிக்கு ரகசியம் தெரியுமா? முட்டை இட்டதும் ஊரையே கூட்டும். அது கொக்கரிக்க ஆரம்பித்ததும் அம்மா ஓடிப்போய் வெறும் உரலில் உலக்கையைப் போட்டு இடிப்பாள். (இவர்கள் வீட்டில் தினமும் என்னத்தை இடிக்கிறார்கள் என்று தெருவே யோசித்திருக்கும்!)

அண்ணன் மெல்லத் தேறினான். கன்னத்தில் சதை பிடித்தது. பார்க்கவே எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

அந்த நேரம் பார்த்துக் கோழிகள் சோர்ந்துவிட்டன. கொண்டை வெளிறிப் போயிற்று. கழிச்சலில் நூல் நூலாகப் புழு. கூட்டுக்குள் கை விட்டால் பொடிப்பொடியாகப் பேன் முழங்கை வரை ஊறும். முட்டை அடியோடு நின்றுவிட்டது.

அண்ணன் ஒருமுறை இருமினால் போதும், அம்மாவுக்குக் கை வேலை ஓடாது.

கோழி வளர்ப்பவர்கள் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் குட்டு உடைந்துவிடும். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை வளர்த்த வைத்தியம்தான். வயிற்றில் பூச்சி என்றால் விளக்கெண்ணெய். பேன் என்றால் எண்ணெய்க் குளியல். ஆண்பிள்ளைகளுக்குச் சனி, பெண்பிள்ளைகளுக்கு வெள்ளி.

வெள்ளிக்கிழமை அம்மா வெந்நீர் போடுவதைப் பார்த்து அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, அது கோழியாக்கும்."

"இருக்கட்டும். பொட்டப் பிள்ளேளுதானே? எண்ண வைக்காம பேன் எப்பிடிப் போவும்?"

நான் பிடித்துக்கொள்ள, அம்மா ஒவ்வொன்றின் அலகையும் பிரித்து விளக்கெண்ணெய் ஊற்றினாள். வேப்பெண்ணெய் தேய்த்து ஊறவைத்தாள். சீயக்காய் போட்டு வெந்நீர் விட்டாள். சாம்பிராணி போடாததுதான் பாக்கி! (மறந்துவிட்டேன், அதுவும் போட்டாள்.)

விளக்கெண்ணெய் வேலை செய்தது. புழு வெளியே வந்தது. குளியல்தான் வினையாகிவிட்டது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, ஈர இறகோடு நாலும் மூலையில் ஒடுங்கி வெடவெடவென்று நடுங்கின. அடுப்படியில் வைத்து உலர்த்திக் கூட்டில் விட்டோம். மறுநாளே மறுபடி பேன்.

அம்மா விறகுப் புரை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி எம்பிள்ளைக்கு என்னத்தைக் கொடுப்பேன் என்று அழுதாள்.

அப்போது பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல்! பிடிபட்டோம் என்று நான் ஓடிப்போய்க் கூட்டை மூடினேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மாமி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பகவதி, கொஞ்ச நாளா கோழி கத்தறதே கேக்கலையே? பையனுக்குத் தேவலையா? அது கத்தினாத்தான், இன்னிக்கும் அவனுக்கு உண்டுன்னு எனக்கு ஒரு சமாதானமாக்கும்."

அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். அழுகையோடு அழுகையாக எண்ணெய்க் குளியலையும் சொல்லிவிட்டாள். மாமி சிரிக்கவே இல்லை. தன் மாட்டுக்கு உண்ணி வந்தபோது எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகவில்லை, தொழுவத்து மர இடுக்கில்தான் ஒளிந்திருந்தது என்றாள். உள்ளே போய், மாமா போடுகிற புகையிலையில் ஒரு கட்டு எடுத்து வந்து மதில் மேல் வைத்தாள்.

மழை வெறித்ததும் அம்மா பெட்டியை வெளியே இழுத்தாள். இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றி, புகையிலையை அவித்த தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பு பூசி, வெயிலில் காயவைத்தாள். கோழிகள் புரண்டு விளையாட அடுப்புச் சாம்பல் கொட்டினாள். கொண்டைகள் மறுபடி சிவந்தன. அண்ணனுக்கு முட்டை வந்தது.

(மேல்வீட்டுப் பெண்ணே, கோழி இருக்கட்டும், முதலில் கூட்டைப் பார்!)

அண்ணன் தேறி, வேலைக்குப் போய், பேரன் பேத்தி எடுத்து, போன வருஷம்தான் காலமானான். மாமி போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. 'முட்டை' என்ற சொல் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. காது மட்டும் எந்நேரமும் எங்கள் வீட்டுப் பக்கம்தான்.

உங்கள் வீட்டில் சத்தம் கேட்காவிட்டால், ஏன் என்று கேட்க அடுத்த வீட்டில் யாராவது இருக்கிறார்களா?