உப்பளத்துக் கெண்டைக்கால்கள்

டாக்டர் சொன்னதைக் கலக்குவது, நோயாளி சொன்னதை விழுங்குவது, நடுவில் கிடைக்கிற நேரத்தில் பொட்டலம் கட்டுவது, இதுதான் கம்பவுண்டர் உத்தியோகம். எழுபதுகளில் மரக்காணத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் நான் அந்த உத்தியோகம் பார்த்தேன். கை சுத்தம் என்று பெயர் வாங்கியவன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

இப்போது நானே ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். காலை நீட்டிய மாத்திரத்தில் கெண்டைச் சதை கல்லாகிப்போய், கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்று கத்திய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இல்லாவிட்டால் தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டியிருப்பீர்களே! நாமெல்லாம் ஒரே கட்சி. நமக்கு முன்னாலேயே அந்த இழுப்போடு மல்லுக்கட்டி ஜெயித்த சிலரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

சூரியன் படம்

எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் பொட்டலத்தின் மேல் படம் போட்டுக் கொடுப்பேன். பாதிச் சூரியன் எழும்பி வருவது போல இருந்தால் காலை. முழுச் சூரியன் என்றால் உச்சி வேளை. பிறை என்றால் ராத்திரி. கொதிப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று, உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கிவிடும். ஊர் அதற்கு 'ஒண்ணுக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டது. ராத்திரி சாப்பிட்டால் தூக்கம் கெட்டுப்போகும் என்று அதைக் காலையில் சாப்பிடச் சொல்வோம். ஆகவே அந்தப் பொட்டலத்துக்கெல்லாம் உதிக்கிற சூரியன்தான்.

தணிகாசலம் என்று ஓர் உப்பள முதலாளி. அரசியலில் தீவிரம். எதிர்க்கட்சிச் சின்னத்தைக் கண்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். அவருக்கும் கொதிப்பு. நான் கொடுத்த பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தவர் முகம் சிவந்துபோய் அதை மேஜை மேல் எறிந்தார். டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் காலை வேளைக்கான படம் என்று எவ்வளவோ சொல்லியும் மனிதர் மசியவில்லை.

"யோவ் கம்பவுண்டர், காலைன்னா ஒரு காப்பி டம்ளர் போடேன்யா. கொதிப்புக்கு மருந்து குடுக்கறியா, கொதிப்பையே குடுக்கறியா?"

டியூப் கட்டிய கால்

ஏழுமலை தணிகாசலத்தின் அளத்தில் உப்பு வாருகிறவர். ஐம்பதை நெருங்கினாலும் தேகம் இரும்பு. விடிவதற்கு முன்னாலேயே பாத்தியில் இறங்கி, நீளக் கழியில் கட்டிய பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டே போவார். பார்த்தால் ஏதோ சும்மா தரையைக் கூட்டுவது போல இருக்கும். நான் ஒருநாள் ஆசைக்கு வாங்கி இழுத்துப் பார்த்தேன். பலகை நகரவில்லை, நான் நகர்ந்தேன்.

அவருக்குக் கொதிப்பு இருப்பது தெரிந்து டாக்டர் ஒண்ணுக்கு மாத்திரை கொடுத்து, "உப்பைக் குறைங்க" என்றார். ஒரு வாரம் கழித்து வந்தார் பாருங்கள், இரண்டு காலிலும் முழங்கால் வரை சைக்கிள் டியூபைச் சுற்றி, மேலே விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு! அளத்துத் தண்ணீர் கால் வழியாக ஏறிவிடக் கூடாதாம். போதாததற்கு வீட்டுச் சோற்றிலும் உப்பை அடியோடு விட்டிருந்தார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, குறைக்கத்தான் சொன்னேன், விடச் சொல்லவில்லை, கருவாடு, ஊறுகாய்தான் ஆகாது, கால் வழியாக ஒன்றும் ஏறாது என்று புரிய வைத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏழுமலை டியூபை நிதானமாக அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உப்புலயே நிக்கறவனை உப்பைத் தொடாதன்னா, அவன் வேற இன்னா பண்ணுவான், சொல்லுங்க?"

வடிகட்டி

இது சிரிக்கிற சங்கதி இல்லை. அதே ஏழுமலை இரண்டு மாதம் கழித்து, டாக்டர் இல்லாத நேரத்தில் வந்து, "ரெண்டு காலும் இழுத்துக்கிது கம்பவுண்டரே, மாத்திரை போட்டதுல இருந்துதான்" என்றார். நான் ஊசி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். "நாள் பூரா தண்ணியில நின்னா இழுக்காம என்ன பண்ணும்? தைலம் தேயுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. ஏழுமலை தைலமும் தேய்த்தார், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இழுப்பு விட்டது. நாம் சொன்ன தைலம் வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதம் ஒருநாள் காலையில் பாத்தி நடுவில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. அவருடைய தங்கை அஞ்சலை, அதே அளத்தில் கூடை சுமக்கிறவள், மூன்று பேரோடு சேர்ந்து அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தாள். அவள் இடுப்பு வரை உப்புச் சேறு. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் தைலம் கதையைச் சொன்னேன். அந்தத் தப்பு என்னுடையதுதான். டாக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

"இனிமே மருந்தை வடிகட்டுப்பா. நோயாளி சொல்றதை வடிகட்டாதே."

அளத்துத் தண்ணியே தேவலாம்

அந்த வீட்டில் கொதிப்பு சொத்து மாதிரி போலிருக்கிறது. அடுத்த வாரம் அஞ்சலைக்குப் பார்த்தால் பாதரசம் மேலே மேலே ஏறியது. அவளுக்கும் அதே மாத்திரை, அதே சூரியன் படம். மூன்றாம் வாரம் அதே கெண்டைக்கால் இழுப்பு. ஆனால் அண்ணன் கிடந்த கிடையைப் பார்த்தவள் ஆயிற்றே, மாத்திரையை நிறுத்தவில்லை. காலை இழுத்துக்கொண்டே நேராக டாக்டரிடம் வந்து நின்றாள். நானும் இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

ஒண்ணுக்கு மாத்திரை நீரோடு பொட்டாசியம் என்கிற ஒரு சத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும், அது குறைந்தால் சதை இழுக்கும் என்றார் டாக்டர். அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு இல்லை என்று பார்த்துக்கொண்டு, வாழைப்பழம், இளநீர் சொன்னார். அதோடு ஒரு பொட்டாசியம் மிக்ஸரும் எழுதினார். அதைக் கலக்கியவன் நான். கசப்பும் உவர்ப்பும் சேர்ந்து நாக்கைச் சுருட்டிவிடும். பெரிய பெரிய மீசைக்காரர்கள் அதை வாங்கிப்போய்க் கோழிக்கு ஊற்றியது எனக்குத் தெரியும். அஞ்சலை ஒரு வேளை விடவில்லை. காலிப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து நீட்டுவாள்.

"அளத்துத் தண்ணியே தேவலாம்ங்க. ஊத்துங்க, இன்னொரு பாட்டில்."

ஒரு செடி உண்டா

அப்படியும் இழுப்பு போகவில்லை. குறைந்தது, அவ்வளவுதான். ஒருநாள் தலையில் கூடையோடு ஒற்றையடி வரப்பில் போகும்போது கால் கல்லாகி, கூடையும் அவளும் பாத்தியில் விழுந்தார்கள். மேஸ்திரி கண்டித்துச் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை விழுந்தால் கூடை கிடையாது என்று. கூடை இல்லையென்றால் கிடக்கிற அண்ணனுக்கும் அவளுக்கும் கஞ்சி இல்லை. மாத்திரையை விட்டால் அண்ணன் மாதிரி விழ வேண்டும். சாப்பிட்டால் வரப்பில் விழ வேண்டும். எப்படிப் பார்த்தாலும் விழுகிற கணக்குதான்.

டாக்டர் என்னை அளத்துக்குப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். விடிகிற நேரத்துக்கு சைக்கிளில் போய் வரப்பில் நின்றேன். வெகு தூரத்துச் சவுக்குத் தோப்புக்கு மேலே சூரியன் தலை காட்டியது. அஞ்சலை கூடையை இறக்கிவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து என் பொட்டலத்தை எடுத்து, சூரியனையும் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மாத்திரையை வாயில் போட்டு எச்சிலைக் கூட்டி விழுங்கினாள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து, பல் துலக்கி, கஞ்சி குடித்துவிட்டுச் சாப்பிட வேண்டியதை, என் படத்தை நம்பி வேலைக்கு நடுவில், சூரியன் உதிக்கிற நிமிஷத்தில் விழுங்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறும் வரை அங்கேயே நின்று பார்த்தேன். பக்கத்தில் தண்ணீர்ப் பானை நிரம்பியபடி இருந்தது. ஆண்கள் மட்டும் போய் மொண்டு குடித்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி கூட அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு வழக்கமான கோபம் வந்துவிட்டது. "வெயில்ல வேர்வையா ஊத்துது, மாத்திரை வேற தண்ணிய எறக்குது. ஒரு வாய் தண்ணி குடிக்கறதுக்கு இன்னா கேடு? இழுக்காம என்ன பண்ணும்?" என்று கத்தினேன். மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அஞ்சலை குனியவில்லை. கையை நீட்டி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையாகக் கிடந்த அளத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"ஆம்பளைங்க அந்தாண்ட திரும்பி நின்னுக்குவீங்க. நாங்க எங்கங்க போறது? மறைவுக்கு ஒரு செடி உண்டா இங்க?"

அந்த அவசரம்

இத்தனை வருஷம் மருந்து கலக்கியவனுக்கு இது தோன்றவே இல்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒண்ணுக்கு மாத்திரையை மட்டும், உச்சி வேளையில் வேலை முடித்து வீடு திரும்பிய பிறகு சாப்பிடும்படி மாற்றி, அளவையும் பாதியாக்கி, வாராவாரம் வந்து கொதிப்பைக் காட்டச் சொன்னார். ஆனால் வேலையில் வேர்க்கிற வேர்வைக்கு, வேலையிலேயே தண்ணீர் குடித்தாக வேண்டுமே?

அதற்கு அஞ்சலை எங்கள் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் ஒவ்வொரு பெண்ணும் கூடையோடு இரண்டு பனையோலை கொண்டுவந்தாள். வேலை முடிந்ததும் அளத்தின் மூலையில், மேட்டில், நாலு கழி நட்டு ஓலைத் தட்டி கட்டிவிட்டார்கள். மேஸ்திரி பார்த்துவிட்டு, முதலாளி இடத்தில் யாரைக் கேட்டுக் கட்டினீர்கள், பிரித்துப் போடுங்கள் என்று குதித்தார். அஞ்சலை தட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். முதலாளி வரட்டும், அவரே பிரிக்கட்டும் என்றாள். தணிகாசலம் வந்தார். மேஸ்திரி சொன்ன புகாரையும், அஞ்சலை சொன்ன மாத்திரைக் கதையையும் கேட்டார். அவரும் அதே மாத்திரைக்காரர்தானே! பாண்டிச்சேரி பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தச் சொல்லி முந்திரித் தோப்புக்கு ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூக்கைத் தேய்த்துக்கொண்டு மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"விடுய்யா. அந்த மாத்திரை போட்டவனுக்குத்தான் தெரியும் அந்த அவசரம். இன்னும் ரெண்டு ஓலை வெச்சு நல்லா கட்டச் சொல்லு."

அம்பாரத்தைத் தள்ளுகிறவர்கள்

இன்னொரு விஷயம். குதிகாலைத் தரையில் அழுத்தி, சுவரில் கை ஊன்றி, சுவரைத் தள்ளுவது போல நின்றால் கெண்டைச் சதை நீண்டு கொடுக்கும், தினமும் செய்தால் இழுப்பு குறையும் என்று டாக்டர் அஞ்சலைக்குக் காட்டியிருந்தார். அளத்தில் சுவருக்கு எங்கே போவது? வரிசையாக நின்று உப்பு அம்பாரத்தில் கை ஊன்றிக்கொண்டார்கள். அஞ்சலைக்காக ஆரம்பித்ததை, பிறகு எல்லாப் பெண்களும் கூடை தூக்குவதற்கு முன்னால் செய்தார்கள். அப்புறம் ஆண்களும் வெட்கத்தை விட்டு வந்து சேர்ந்தார்கள். இவ்வளவு ஒழுங்காக வைத்தியம் பார்த்துக்கொண்ட கூட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. தூரத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்த ஒரு வெளியூர்க்காரர் என்னிடமே கேட்டார்.

"ஏங்க, இத்தனை பேர் தள்ளியும் அந்த உப்பு நகர மாட்டேங்குதே, ஏன்?"

பானைக்குக் காவல்

மழை தொடங்குவதற்கு முன், அந்த வருஷத்துக் கடைசி வாரல். அஞ்சலைக்குக் கொதிப்பு இறங்கியிருந்தது. கெண்டைக்கால் இழுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதுப் பொட்டலத்தில் நான் அவள் சொன்னபடியே படம் போட்டிருந்தேன், தலைக்கு நேரே சூரியன், பக்கத்தில் ஒரு சொம்பு. அதைக் கொடுக்கிற சாக்கில் அளத்துக்குப் போனேன். உண்மையில் அவள் கூடையோடு வரப்பில் நடப்பதைப் பார்க்கத்தான் போனேன். நடந்தாள். ஒற்றையடி வரப்பில், தலையில் உப்புக் கூடை அசையாமல், திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உப்புக்காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். மடியில் கைத்தடி. ஏழுமலை! தங்கைதான் தினமும் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வருகிறாள் என்றார்கள். இடது கையால் சொம்பில் மொண்டு, கூடையை இறக்கிவிட்டு வருகிற ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு நிறுத்திக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார். தங்கையிடம் நேற்று மாத்திரை போட்டாயா என்ற கேள்வி வேறு. என்னைப் பார்த்ததும் எனக்கும் ஒரு சொம்பு நீட்டினார். நான் அவருக்குச் செய்ததை நினைத்துத் தயங்கி நின்றேன். அவர் கோணிய வாயால் சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"குடிங்க கம்பவுண்டரே. நான் மாத்திரைய நிறுத்தினேன், இவளுங்க தண்ணிய நிறுத்தினாளுங்க. இனிமே ரெண்டையும் நிறுத்த வுட மாட்டேன்."

ஆகவே கட்சிக்காரர்களே, கால் இழுத்தால் மாத்திரையை நிறுத்தாமல் நேராக டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், நடுவில் என்னைப் போல நீள வாய்க் கம்பவுண்டர் எவனாவது தைலம் தேய்க்கச் சொன்னால் அந்தத் தைலத்தை அவன் வாயிலேயே தேய்த்துவிட்டுப் போங்கள்.