மாப்பிள்ளை கேட்ட ரிமோட்

எங்கள் அப்பாவுக்கு மரியாதையாகப் பேசவே வராது என்றுதான் பத்து வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஜீப்பில் விஞ்ச் என்கிற இழுவை இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்று திட்டு வாங்கிய யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பவானிக்கும் ஈரோட்டுக்கும் நடுவில், வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் விளைகிற ஊர் எங்களுடையது. தண்ணீர் விட்டுவிட்டால் வயல்காட்டுப் பாதையெல்லாம் களிமண் சேறு. டிராக்டர், பால் வண்டி, கல்யாண வேன் என்று எது புதைந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். அப்பாவின் ஜீப்புக்கு முன்னால், பம்பர்மேல், பேட்டரியில் ஓடும் விஞ்ச் ஒன்று பொருத்தியிருந்தார். உருளையில் சுற்றிய இரும்புக் கம்பி ரோப், அதன் முனையில் கொக்கி. நீள வயர் வைத்த ரிமோட்டில் இரண்டே பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் ரோப் வெளியே போகும், மற்றதை அமுக்கினால் உள்ளே சுருட்டும். யானையைக்கூட இழுத்துவிடும் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். யானை எதற்குச் சேற்றில் போய் நிற்கப்போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

அதை ஓட்டுகிற நேரத்தில் அப்பா வேறு ஆள். ரோப் விறைத்துவிட்டால் அதன் பக்கம் ஒரு ஈ குஞ்சுகூட நிற்கக்கூடாது. அறுந்தால் ஆளை வெட்டிப் போட்டுவிடும் என்பார். பழைய பவானி ஜமுக்காளம் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து ரோப்பின் நடுவில் போட்டுவைப்பார், அறுந்தாலும் அந்தக் கனத்தில் கீழே விழட்டும் என்று. ஒருமுறை பஞ்சாயத்துத் தலைவர் விறைத்த ரோப்பைத் தாண்டப் பார்த்தார். "யோவ், காலு வேணுமா வேண்டாமா? அக்கட்டால போய்யா" என்று அப்பா போட்ட சத்தத்தில் மனுசன் வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றுகொண்டார். தன் சொந்தப் பெரியப்பா மகனை இதே காரணத்துக்காகக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். ரிமோட்டை யாரிடமும் கொடுத்ததில்லை. நான் ஒருநாள் பூராவும் அழுது பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவருக்குக் கூட்டாளி எங்கள் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் அப்பாவே வளர்த்த பெண். ரோப்பில் கை வைப்பது அத்தை மட்டும்தான். வேலைக்கு முன்னால் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி என் பாவாடை மடியில் போடுவாள். முழங்கைவரை வருகிற தோல் கையுறையை மாட்டிக்கொள்வாள். பழைய ரோப்பில் கம்பி பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும். வளையலிலோ மோதிரத்திலோ மாட்டினால் கையையும் சேர்த்துத்தான் உருளைக்குள் இழுக்கும். சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் இருவருக்கும் சைகைதான். அத்தை ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் இழு. கையை மூடி உயர்த்தினால் நிறுத்து. அவள் கை மூடுவதற்கும் அப்பா விரல் பொத்தானை விடுவதற்கும் இடையில் கண்சிமிட்டும் நேரம்கூட இருக்காது.

அந்தச் சைகை எங்களுக்கு வீட்டு விளையாட்டாகவும் ஆகியிருந்தது. அம்மா தோசையை வைத்துக்கொண்டே போனால் அத்தை கையை மூடி உயர்த்துவாள். அம்மா என்னைத் திட்டிக்கொண்டே போனாலும் உயர்த்துவாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்து திட்டு நின்றுவிடும்.

வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம் ஆயிற்று. போத்தனூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற வசதியான குடும்பம். அப்பா தாரை வார்த்துக் கொடுத்தார். இப்படி ஒரு இடம் அமைந்ததே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அத்தையைக் கட்டிய மாமாவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். என்னைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுவார், வலிக்கும்.

ஆடி நோம்பி வந்தது, புது மாப்பிள்ளைக்குப் பண்டிகை விருந்து. மாமாவும் அவருடைய அம்மாவும் அத்தையும் மாமாவின் புதுக் காரில் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா போனில் கெஞ்சினார். "இட்டேரில வராதீங்க மாப்பிள்ளை, வாய்க்கால்ல தண்ணி உட்டிருக்குது. தார் ரோட்டுலயே வந்துருங்க." இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி வைத்த காட்டுப் பாதை. எங்கள் வீட்டுக்குக் குறுக்கு வழி. மாப்பிள்ளைக்கு யாராவது வழி சொல்லலாமா? கார் அந்த இட்டேரியிலேயே வந்து, முன்சக்கரம் இரண்டும் முழுசாகச் சேற்றில் இறங்கி, நின்றுபோயிற்று.

அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தார். நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடினோம். உள்ளுக்குள் அப்பாவுக்குச் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். தன்னிடமும் ஒரு பொருள் இருக்கிறது என்று சம்பந்தி வீட்டுக்குக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பம் அல்லவா. பக்கத்துக் காட்டு ஆட்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

அத்தை பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பழக்கதோஷத்தில் நேராக ஜீப்புக்கு வந்தாள். கையுறையை மாட்டிவிட்டாள். மாமாவின் அம்மா பார்த்தார்.

"ஏங்கண்ணு, என்ன கோலம் இது? பட்டுச்சேலையக் கட்டிட்டு மெக்கானிக்காட்டம் கையில தோலை மாட்டிட்டு?"

"கழட்டு. அல்லாரும் பாக்கறாங்க" என்றார் மாமா, சிரித்துக்கொண்டேதான்.

அத்தை கழற்றினாள். பிறகு வளையலைக் கழற்றப் போனாள். நான் மடியை விரித்துக்கொண்டு தயாராக நின்றேன். "தாலி ஏறி மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள வளையலக் கழட்டறதா? நல்லா இருக்குது போ" என்றார் அந்த அம்மா. அத்தை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா மும்முரமாகக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

"அவ வேண்டாமுங்க, நீங்களே பாத்துக்கலாமல்லங்க?" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"கம்முனு இரு" என்றார் அப்பா.

இழுக்கும் வேலை நல்லபடியாகவே நடந்தது. கொக்கியை மாட்டி, ஜமுக்காளத்தை நனைத்துப் போட்டார். "ரோப்புக்கு என்னுங்க மச்சான், குளிருதா?" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ரோப் விறைத்தது. மாமா அதற்கு இரண்டடி தள்ளி, போனில் வீடியோ எடுத்தபடி நின்றார். இப்போது மாமாவுக்கு விழப்போகிறது திட்டு என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இப்புடி வந்து நிக்கறீங்களா? அங்க வெயிலா இருக்குதுங்க" என்றார் அப்பா.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வானம் வேறு மூடிக் கிடந்தது. மாமா "பரவால்லீங்க மச்சான்" என்று சொல்லி அங்கேயே நின்றார். பஞ்சாயத்துத் தலைவரை விரட்டிய மனுசன் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. ரோப் அறுந்துபோகவில்லை. அன்றைக்கு மாமாவுக்கு நல்ல நேரம். கார் சேற்றை உதறிக்கொண்டு மேலே வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள்.

மிச்சம் ரோப்பைச் சுருட்டுவதுதான். இழுக்கும்போது எல்லாருக்கும் பயம் இருக்கும், சுருட்டும்போதுதான் அசந்துபோவோம், கை போவதும் அப்போதுதான் என்று அப்பாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ரோப் உருளையில் ஒழுங்காகப் படியும்படி ஒருவர் பிடித்து விட வேண்டும். அத்தை வெறுங்கையோடு பிடித்தாள்.

"குடுங்க மச்சான், நானும் ஒருக்கா அமுக்கிப் பாக்கறேன்" என்று மாமா கையை நீட்டினார்.

அப்பா கொடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் அழுதே கிடைக்காத சாமான் அது. அப்பா தயங்கத்தான் செய்தார். மாமாவின் அம்மா, இதில் என்ன யோசனை என்பதுபோல் பார்த்தார். அப்பா ரிமோட்டில் இருந்த சேற்றை வேட்டியில் துடைத்தார், நன்றாகத் துடைத்தார், இரண்டு கையாலும் கொடுத்தார்.

மாமா அமுக்கினார். ரோப் ஓடியது. கம்பிப் பிசிறு ஒன்று அத்தையின் மோதிரத்தில், மாமா போட்ட கல்யாண மோதிரத்தில், மாட்டியது. அத்தையின் கை ரோப்போடு சேர்ந்து போக ஆரம்பித்தது. அவள் கத்தவில்லை. இடது கையை மூடி உயர்த்தினாள்.

மாமா அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று சொல்கிறாள் என நினைத்தாரோ என்னவோ, பல்லைக் காட்டிச் சிரித்து, தன் கையையும் மூடி உயர்த்திக் காட்டினார். இன்னொரு கைவிரல் பொத்தானிலேயே இருந்தது.

"மாப்பிள்ளை, விடுங்க... விட்டுருங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா.

கை எட்டும் தூரத்தில் நின்றார். நான் பார்த்தேன். பிடுங்கியிருக்கலாம், தட்டிவிட்டிருக்கலாம், பெரியப்பா மகனை அறைந்ததுபோல் அறைந்திருக்கலாம். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். மாமா "என்னுங்க?" என்று அப்பா பக்கம் திரும்பினார். அம்மாதான் ஓடிவந்து ஜீப்பில் செருகியிருந்த வயரைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குள் அத்தையின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், மிஷினை ஓட்டியது யார் என்று. "நானேதானுங்க. கவனமில்லாம கைய உட்டுப்போட்டேன்" என்றாள் அத்தை. அந்த வலியிலும் சட்டென்று வந்தது பதில். நான் "இல்லீங்க, மாமா..." என்று ஆரம்பித்தேன். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். மாமா சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை ஆறும்வரை அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கினாள். ஏன் பொய் சொன்னாய் என்று நான் அவளை அரித்து எடுத்துவிட்டேன். "நெசத்தைச் சொன்னா வெரலு மொளைக்குமா கண்ணு?" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருநாள் முழுக்க அவளோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் முட்டிபோட வைக்கிறார்கள், பெரியவர்களை மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லையே என்று இருந்தது.

அவளை அழைத்துப்போக மாமாவும் அவர் அம்மாவும் பஸ்ஸில் வந்தார்கள். கார் என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு, போய்த் தண்ணீர் கொண்டுவா என்று அம்மா என்னை உள்ளே அனுப்பினாள். அந்த அம்மா கூடத்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முழுசா அனுப்பி வெச்ச புள்ள. உங்க ஊட்டு வண்டியில இப்புடி ஆயிப்போச்சு. ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் கேக்கறாங்க, நாங்க என்ன பதில் சொல்றதுங்க?" என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்பு எங்க மேலதானுங்க" என்றார். பிறகு உள்ளே போய் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தார். அதன்மேல் ஜீப் சாவி இருந்தது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள், ஒரே ஒரு தடவை. அம்மா அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

தங்கையின் கையைத் தின்ற வண்டியை, தின்ன வைத்த ஆளுக்கே சீராகக் கொடுத்த குடும்பம் எங்களுடையது. இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு எனக்கு இருந்த வருத்தமெல்லாம் ஜீப் போகிறதே என்பதுதான்.

மாமா வண்டியை எடுத்தார். அவர் அம்மா பின்னால் ஏறிக்கொண்டார், அத்தை முன்னால். நானும் அப்பாவும் வாசல் கேட்டில் நின்றோம். வண்டி நகர்ந்ததும் அத்தை இடது கையை வெளியே நீட்டினாள். கையை மூடி உயர்த்தினாள்.

"அப்பா, அத்தை நிறுத்தச் சொல்லுதுப்பா" என்றேன்.

அப்பா பார்த்தார். பார்க்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொல்ல முடியாது, நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளையாடறா கண்ணு. நீ டாட்டா காட்டு" என்றார். கேட்டைச் சாத்தப் போனார்.

விளையாட்டுதானே என்று எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமா அன்றைக்குச் செய்ததுபோலவே நானும் கையை மூடி உயர்த்திக் காட்டினேன். அத்தை கையை உள்ளே எடுக்கவில்லை. ஜீப் தார் ரோட்டில் ஏறித் திரும்புகிறவரைக்கும் அப்படியே வைத்திருந்தாள். இவ்வளவு நேரமா விளையாடுவது, கை வலிக்காதா என்றுதான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.