பச்சை டிக் சொன்ன பொய்

நான் எழுதிய நிரல் செத்த செய்தியை மூன்று வாரம் மூடி மறைத்தவன் நானேதான். போதாததற்கு, புகார் எதுவும் வரவில்லை என்று காலரை வேறு தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

மாரண்டஹள்ளிப் பக்கம் நண்பர் ஒருவர் காய்கறி நாற்றுப் பண்ணை நடத்துகிறார். நாற்றுக்கு முன்பதிவு செய்ய ஒரு இணையதளம் எழுதிக் கொடுத்திருந்தேன். அது அவ்வப்போது பாதியில் நின்றுபோய், திரையில் இங்கிலீஷில் நாலு வரியைக் கக்கும்.

"இத பாத்தா போன் கெட்டுப்போச்சுன்னு ஜனங்க பயப்படறாங்கப்பா. நல்ல வார்த்தையா எதனா போடு" என்றார் நண்பர்.

நிரல் சாகும்போது கடைசி மூச்சில் என்ன சொல்ல வேண்டும் என்று நாம் எழுதி வைக்கலாம். நான் ஒரு பச்சை டிக்கும் 'நன்றி'யும் எழுதி வைத்தேன். எதனால் செத்தது என்று எங்காவது குறித்து வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதை மறந்தேன்.

ஒருநாள் காலையில் ஒரு அக்கா டெம்போவோடு பண்ணைக்கு வந்தார். நானும் அங்கேதான் ஓசி டீ குடித்துக்கொண்டிருந்தேன். உழுது போட்ட அவருடைய கொல்லையில் நடவுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்களாம். தக்காளி நாற்று உடனே வேண்டும். பண்ணைப் பட்டியலில் அவர் பதிவே இல்லை. அவருடைய போனில் மட்டும் என் பச்சை டிக் பளபளத்தது.

"நன்றின்னு போட்டிருக்குதே தம்பி, எதுக்கு? நான் ஏமாந்ததுக்கா?"

மறுபடி பதியச் சொல்லிப் பார்த்தேன். போன் நம்பருக்கு நடுவே ஒரு இடைவெளி விட்டார். அவ்வளவுதான், என் நிரல் சிரித்த முகத்தோடு உயிரை விட்டது.

நண்பர் தலையில் அடித்துக்கொண்டு, தன் கொல்லைக்கு வைத்திருந்த நாற்றுத் தட்டுகளைக் காட்டினார். "இத எடுத்துக்கோங்கக்கா, நான் அடுத்த வாரம் நட்டுக்கறேன். ஆனா ஒரு தட்டு வுடாம இந்த இன்ஜினியருதான் ஏத்தணும்."

ஏற்றினேன். என் இடுப்பு கொடுத்த பிழைச் செய்தியில் ஒளிவுமறைவே இல்லை.

டெம்போவுக்குக் கயிறு கட்டி முடிப்பதற்குள் லேப்டாப்பில் பக்கத்தை மாற்றினேன்: 'பதிவு ஆகவில்லை. தவறு எங்களுடையது. கூப்பிடுங்கள்.' கீழே என் நம்பர். வேண்டுமென்றே ஒரு தப்பான பதிவு போட்டு, சிவப்பாக வந்த பக்கத்தை அக்காவின் போனில் பெருமையாகக் காட்டினேன். "இனிமே பொய்யே சொல்லாதுங்கக்கா. யாரு எப்ப கூப்பிட்டாலும் நானே…"

அவர் அந்த நம்பரைத் தட்டிவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"அடிக்குது, எடுங்க."