புளியிலை ஒத்தடம்

பக்கத்து வீட்டுக்காரர் கழுதைமேல் மலைக்கு ரேஷன் அரிசி ஏற்றிப் போகிறவர். ஒல்லியான ஆள். இடது கணுக்காலில் சூடுபட்ட கறுப்பு இருக்கும். கழுதை நொண்டத் தொடங்கிய பிறகு வந்த கறுப்பு அது. புளியிலையை வேகவைத்துத் துணியில் கட்டி, சூடு பொறுக்குமா என்று முதலில் தன் காலில் வைத்துப் பார்ப்பார். பிறகுதான் கழுதையின் வீங்கிய காலில் வைப்பார்.

அந்தக் காலில் கல்லெறிந்தவன் நான். என் கேழ்வரகை மேய்ந்தது, ஆத்திரத்தில் எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை. கழுதை நடக்காவிட்டால் அவர் வீட்டில் உலை ஏறாது என்பது மறுநாள்தான் உறைத்தது. உண்மையைச் சொல்லத் துணிவில்லை. ஒத்தடம் கொடுக்கும்போது கழுதையின் காலைப் பிடித்துக்கொள்ள மட்டும் போனேன்.

அவர் மனைவி பிடித்தால் உதைக்கும். நான் பிடித்தால் அசையாது.

"உங்க கூடப் பொறந்ததாட்டம் நிக்குதே!" என்று அந்த அம்மா சிரித்தார். எனக்குப் பெருமை வேறு.

பக்கத்து வீட்டுக்காரர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "பயத்துல நிக்குதுங்கண்ணா. தொட்டுப் பாருங்க, நடுங்குது."

தொட்டேன். நடுங்கியது.

"நாளைக்கும் வந்துடுங்க. நீங்க புடிச்சாத்தான் வேலை ஆவுது."

பதினைந்து நாள் போனேன். என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். பாழாய்ப்போன மனுஷன் தினமும் காப்பி கொடுத்தார்.

கால் தேறிவிட்டது. காலையில் மூட்டையோடு போகும்போது என் வாசலில் கழுதை நின்றுவிடுகிறது. அவர் கயிற்றை இழுப்பதில்லை, என் வீட்டைப் பார்ப்பதுமில்லை. அதன் நடுக்கம் அடங்கும்வரை கூடவே நிற்கிறார். நான் கதவைத் திறப்பதில்லை.