படிக்கட்டு வகுப்பு

டக், டக். சக்கர நாற்காலியின் இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் போட்டுவிட்டு நெனிதா பால்மாரெஸ் நிமிர்ந்தால் வகுப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். நாற்காலியின் முதுகில் தொங்கும் பையிலிருந்து, சர்க்கரை போட்டுப் பொரித்த வாழைப்பழக் குச்சிகள் கைமாறி மேலே போகும். "வயிறு காஞ்சா காதும் கேக்காது" என்பது அவர் சித்தாந்தம்.

மேலே என்றால் படிக்கட்டில். பிலிப்பைன்ஸில் இலோய்லோ நகரத்தின் அந்தப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருக்க, கீழே தரையில் அவர் நாற்காலி. உடற்குறை உள்ளவர்களை உலகம் ஏன் இப்படி நடத்துகிறது என்று கேள்வி கேட்பதுதான் பாடம். கால் எப்படிப் போச்சு என்று முதல் நாள் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அது பரீட்சைக்கு வராது, விடு. இந்தக் கட்டடத்துல லிஃப்ட் ஏன் ஓடலைன்னு கேளு. அது வரும்" என்றார்.

வகுப்பறை மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும், நெனிதாவுக்கு உயிர் அந்த அறை. லிஃப்ட் நின்றதும் பிள்ளைகள் ஒரு காரியம் செய்தார்கள். அக்கம்பக்கத்தார் கூடி, ஒரு வீட்டையே மூங்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டுபோய் வேறிடத்தில் வைக்கிற ஊர் அது. வீட்டையே தூக்குகிறவர்களுக்கு ஒரு டீச்சர் எம்மாத்திரம்! கூடைப்பந்து ஆடும் ரோடெல் நான்கு பேரைச் சேர்த்து, ஒத்திகையும் பார்த்து, வீடியோ எடுக்க ஒருத்தியையும் நிறுத்திவிட்டு வந்து நின்றான். தூக்க விடாமல் நெனிதா பிரேக்கைப் போட்டார்.

"உங்க மேல இருக்கிற பாசத்துலதானே மேடம்" என்றான் ரோடெல், முகம் சுருங்கி.

"தெரியும் கண்ணு. நாளைக்கு நான் உன்னை ஃபெயில் பண்ணினா யாரு தூக்குவா?" எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "தூக்க ஆள் இருக்கிற வரைக்கும் லிஃப்ட்டைச் சரி பண்ண மாட்டாங்கடா. அடுத்த வருஷம் ஊன்றுகோலோட ஒரு பொண்ணு வருவா. அவளுக்கு இங்க யாரையும் தெரியாது."

அந்தப் பையனின் முகம் அன்றிரவு முழுக்க அவரை உறுத்தியது. ஆனாலும் மறுநாள், வகுப்பைக் கீழேயே நடத்த, எழுதும் பலகையைப் படிக்கட்டடிக்குக் கொண்டுவரச் சொன்னார். தூக்கி வந்தவன் ரோடெல்தான்.

கட்டடத்துக்கு இருப்பது அந்த ஒரே படிக்கட்டு. மேலே போக வேண்டிய யாரும் இந்த வகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும், இரண்டாவது மாடியில் அறை வைத்திருக்கும் டீன் எவாரிஸ்தோ உட்பட. டீன் கெட்டவர் இல்லை. லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார், அவ்வளவுதான். உடைந்த பெஞ்சுகள் போட்டிருக்கும் கீழ்த்தள அறையைத் தருவதாகச் சொன்னார். "எங்களைப் போட்டு வைக்கிற இடம் எப்பவும் அதுதானே சார்" என்று நெனிதா மறுத்துவிட்டார். அப்படியானால் அடுத்த பருவத்தில் பாடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பதில் வந்தது. இருபது வருடமாகச் செதுக்கிய பாடம். மறுநாளும் நெனிதா அதே படிக்கட்டடியில்தான் வகுப்பை நடத்தினார்.

பேச விரும்புகிறவர் கை தூக்க வேண்டும் என்ற விதி அவர் வகுப்பில் கிடையாது. "எல்லாருக்கும் கை தூக்க வருமா? எதையாவது தட்டு, போதும்." இன்னொரு புது விதியும் உண்டு: கைப்பிடி இருக்கும் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. படியேறும்போது டீனின் வலது முழங்கால் மடங்கச் சிரமப்படுவதை அவர் ஒருவர்தான் கவனித்திருந்தார்.

போன வியாழன் மழை. நனைந்த குடையோடு ஏறிய டீன் பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. ரோடெல் பழக்கதோஷத்தில் பாய்ந்துபோய் அவர் அக்குளில் கைகொடுக்கப் பார்த்தான்.

"ரோடெல், முதல்ல கேளு."

நீட்டிய கை அப்படியே நின்றது. "சார், உங்களுக்கு என்ன வேணும்?"

டீன் நனைந்த குடையைக் கைப்பிடியில் மாட்டினார். பிறகு மெதுவாக, "கொஞ்சம் உக்காரணும்ப்பா" என்றார். இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒரு வாழைப்பழக் குச்சியும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நெனிதா அவர் பக்கம் திரும்பாமல் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். டீன் எழுந்து போகவில்லை.

பாடம் முடிந்தது. பிள்ளைகள் பைகளை எடுத்தார்கள். நெனிதா ஒரு பக்கத்துப் பிரேக்கை விடுவித்து மறுபக்கத்தில் கை வைத்தபோது, மேலே இரும்புக் கைப்பிடியில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது. ஒருமுறை. தயங்கி, இன்னொருமுறை.

எழுந்தவர்கள் திரும்பவும் உட்கார்ந்தார்கள். நெனிதா டீனை நிமிர்ந்து பார்த்து, விடுவித்த பிரேக்கை மறுபடியும் போட்டார்.