மங்குஸ்தானுக்குத் திகதி வைத்த கூட்டம்

1935 ஜூலை 6, சனிக்கிழமை. மருதானையில் காலை ரயில் ஏறினேன், மூன்றாம் வகுப்பு. நண்பகலுக்கு முன் இரத்தினபுரி. மழை. அங்கிருந்து நிவித்திகலவுக்குப் பன்னிரண்டு மைல். பஸ் கட்டணம் முப்பது சதம். பழச் செய்கையாளர் சங்கத்தின் பொதுக்கூட்டம், தலைவரின் ரப்பர் தோட்டத்துப் பங்களாவில், பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. ஒரு தீர்மானம் நிறைவேறியது. மற்றொன்று எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நடந்தவை இவ்வளவே. பழச் செய்கை பற்றிய சட்டங்கள் எங்கே பிறக்கின்றன என்று அறிய விரும்பும் வாசகருக்காக மிகுதியையும் எழுதுகிறேன்.

அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியனாக, இருந்த என் மகன் சிவநேசன், நிவித்திகலவில் மூன்று ஏக்கர் வாங்கி, அதன் உரிமையால் அச்சங்கத்தில் அங்கத்தவனாகியிருந்தான். கேகாலைப் பக்கம் காய்ச்சல் பரவியபோது மருந்து கொடுக்கப் போனவன், தை மாதத்தில் காலமானான். காணி என்னிடம் வந்தது. அதைப் பார்க்கவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன்.

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் காசிம் நானா காத்திருந்தார். மகனின் மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் வியாபாரி. அன்றைய பழத்தைக் கொழும்புக்கு ரயிலேற்றிவிட்டு, தம் இடுப்பளவு உயரமான காலிக் கூடையுடன் நின்றார்.

"பாத்து ஏறுங்க ஐயா," என்று எனக்குக் கைகொடுத்த பஸ் கண்டக்டர், தோட்டத்துப் பையன், அவர் பக்கம் திரும்பினான். "நானா, ஒங்க கூடைக்கும் டிக்கட் போடவா? ஒங்கள விட அதுதான் நல்லா ஒக்காந்திருக்கு."

"கூடைக்குப் போட்டா எனக்குப் போடாத. யார்ட மடியில யார் ஈக்கிறாண்டு நீயே பாரு."

வழியில் நானா இந்நாட்டு வழக்கத்தை விளக்கினார். இங்கே பழத்தோப்பு என்று ஒன்றில்லை. வீட்டுக்கு இரண்டு மரம், மூன்று மரம். பூத்தவுடனேயே வியாபாரி மரத்தைப் பேசி எடுத்துவிடுவார். அதன்பின் வௌவால் விரட்டுவதும் பறிப்பதும் அவர் பொறுப்பு, நட்டமும் அவருடையதே. காணிக்காரர் தம் முற்றத்துப் பழத்தை எண்ணியும் பார்ப்பதில்லை.

"இண்டைக்குப் பெரிய மாத்தயாமார் ஒரு திகதி வெக்கப் போறாங்களாம், ஐயா. ஆகஸ்டு ஒண்டுக்கு முந்திப் பறிச்சாக் குத்தமாம். சங்கம் சொல்றதத்தான் கவர்மெண்டு சட்டமாப் போடும். எண்ட மரமெல்லாம் இந்த மாசத்தோட முடிஞ்சிரும். ஒரு வருஷ ஒழைப்பு மண்ணுக்குத்தான். நான் காணிக்காரனில்ல, பேச ஏலா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

சொல்வதாக ஒப்புக்கொண்டேன். எளிய காரியமென்று எண்ணினேன்.

தலைவரின் பங்களா மலையின் தலைமாட்டில் இருக்கிறது. பஸ் நின்ற இடத்திலிருந்து இரண்டு மைல் ஏற்றம். கீழே புழுக்கத்தில் வியர்த்தவன் மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டேன். முற்றத்தில் ஒரு மங்குஸ்தான் மரம் பச்சைக் காயுடன் நின்றது. திகதியை வகுத்தது அந்த மரந்தான் என்று பின்னர் அறிந்தேன்.

அங்கத்தவர் பெரும்பாலும் ரப்பர் துரைமார். ரப்பர் புதிதாக நடுவதற்குக் கட்டுப்பாடு வந்தபின் பழத்தின்மேல் அன்பு கொண்டவர்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன். செயலாளர், நகரக் கோர்ட்டில் வழக்காடும் பிறக்கிராசியார், பெயர்களை வாசித்தார். என் மகனின் பெயரையும் வாசித்தார்.

எழுந்து நின்று, அவன் காலமானதையும் நான் தந்தை என்பதையும் தெரிவித்தேன்.

"அறிவோம், மிக வருந்துகிறோம்," என்றார் அவர். "அனுதாபத் தீர்மானம் ஒன்பதாவதாக இருக்கிறது. அது நிறைவேறும்வரை அவர் அங்கத்தவரே. ஒரு காணிக்கு இருவர் இருக்க விதியில்லை."

"அப்படியானால் ஒன்பதாவதை முதலில் எடுங்கள்."

"வரிசையை மாற்ற ஒரு வாரத்துக்கு முன் அறிவித்தல் வேண்டும். அதையும் அங்கத்தவரே அறிவிக்க வேண்டும்."

பிறகு அவர் குனிந்து, 'வரவில்லை. காரணம் அறிவிக்கப்படவில்லை' என்று எழுதியதை எதிரிலிருந்து பார்த்தேன். உட்கார்ந்தேன்.

நான்காவது விடயம் திகதி. பிஞ்சில் பறித்த பழம் கொழும்பில் நம் பெயரைக் கெடுக்கிறது என்றார் தலைவர். விறாந்தையில் நின்ற நானா சிங்களத்தில் ஏதோ சொல்ல முயன்றார். வெளியார் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று செயலாளர் கருணையுடன் அனுமதித்தார். தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

தேநீருக்கு எழுந்தோம். வெள்ளித் தட்டில் நன்கு பழுத்த மங்குஸ்தான் வந்தது. எந்த மரத்துப் பழம் என்று தலைவரிடம் கேட்டேன்.

"பள்ளத்தாக்கில் வாங்கியது," என்றார் கூச்சமின்றி. "இங்கே ஆகஸ்டில்தானே பழுக்கும்."

கீழே முன்னதாகப் பழுக்கிறது என்பதை அவர் அறிவார். அறிந்தது தட்டில் இருந்தது; தீர்மானத்தில் இல்லை. இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன விளக்குவது?

மழை வலுத்தது. துரைமார் கார்களில் ஏறிப் போயினர். ஒன்பதாவதை எடுக்கப் போதிய அங்கத்தவர் இல்லையென்று கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

இறக்கத்தில் நானா காலிக் கூடையை மழைக்குத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பழம் காலையில நான் குடுத்ததுதான், ஐயா. தின்னா விருந்து, பறிச்சாக் குத்தம்," என்று சிரித்தார்.

"இனி என்ன செய்வீர்கள்?"

"சட்டம் அச்சாகி வர முந்தி அம்புட்டையும் புடுங்கிருவன். பழம், காய், பிஞ்சு எல்லாம். நான் மட்டுமில்ல, எல்லாரும் அப்பிடித்தான்."

"கொழும்பில் பிஞ்சுப் பழம் குவியுமே."

"குவியட்டும். சங்கம் சொன்னது சரிதாண்டு பேப்பர்ல போடுவாங்க."

எங்கள் ஊர் மாமரங்களுக்குச் சங்கமும் இல்லை, சட்டமும் இல்லை. ஆகவே அவற்றின் பழங்கள் பழுத்த பிறகு பறிக்கப்படுகின்றன. மறுநாட் காலை ரயிலில் திரும்பினேன். சரக்குப் பெட்டியில் பச்சைக் காய்க் கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன.

செய்யாது விட்டவை:

காணியைச் சென்று பார்த்தல்.

அதை என் பெயருக்கு மாற்றுதல்.

விவசாயப் பகுதியாருக்கு, மலையும் பள்ளமும் ஒருங்கே பழுப்பதில்லை என எழுதுதல். எந்தத் தகுதியில் எழுதுவது என்பது தெளிவாகவில்லை.

என் மகன் கூட்டத்துக்கு வராததன் காரணத்தைச் செயலாளருக்கு அறிவித்தல்.