முதல் ஊசி யார் பிள்ளைக்கு?

அச்சகத்தில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது எட்டாம் வகுப்பு. வேலை, ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கி வரிவரியாகக் கோப்பது. ஆண்களுக்கு மட்டும் முக்காலி போட்டிருந்த முதலாளியிடம், "எங்க கால் மட்டும் இரும்புலயா அடிச்சு வச்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். மறுவாரம் பெண்களுக்கும் முக்காலி வந்தது, அவளுக்குப் பட்டப்பெயரும் வந்தது.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரு விஷயத்தில் மட்டும் அடைத்துப் போகும். மூத்த மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஏன் என்று கேட்காதவர் கிடையாது, பதில் வைத்திருக்காதவரும் கிடையாது. முன்பிறவிப் பாவம் என்றார்கள். கர்ப்பத்தில் அவள் சத்தமாகச் சிரித்தாள் என்றார்கள். மாமியார் ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு மட்டும் விடுவார். அது எல்லாவற்றையும்விட மோசம். எதிராளி யாரென்றே தெரியாத வழக்கில் ஏழு வருடமாக வக்கீல் கைகட்டி நின்றாள்.

எதிராளியின் பெயர் காது கேளாதோர் பள்ளியில் தெரிய வந்தது. அங்கே மற்ற வகுப்புகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால், அவள் மகள் வகுப்பில் மட்டும் பெஞ்சு கொள்ளாத கூட்டம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த பெண் டாக்டர் அதைத்தான் முதலில் காட்டினார்.

"இந்தப் பிள்ளைங்க எல்லாரும் ஏன் ஒரே வருஷத்துல பொறந்தாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா? அதுக்கு முந்தின குளிர்காலத்துல ஊரெல்லாம் ரூபெல்லா பரவிச்சு. லேசா காய்ச்சல், மேலெல்லாம் சிவப்புச் சிவப்பா தடிப்பு, மூணு நாள்ல போயிடும். வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வயித்துல மூணு மாசக் கரு இருந்தா, அதோட காதையும் கண்ணையும் இதயத்தையும் தின்னுட்டுப் போயிடும்."

வக்கீலுக்கு அந்தத் தடிப்பு ஞாபகம் வந்தது. வேர்க்குரு என்று பவுடர் பூசிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாள். சுற்றிலும் அத்தனை தாய்மாரும் குனிந்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த ஒரு வரியை யாராவது ஏழு வருடம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?

டாக்டர் தொடர்ந்தார். இதற்குத் தடுப்பூசி தயாராகிறதாம். உயிருள்ள கிருமியை ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொட்டத்தை அடக்கி, நோய் தராமல் எதிர்ப்பு மட்டும் தரும்படி ஆக்கியிருக்கிறார்களாம். ஒரு கேள்விதான் பாக்கி. ஊசி போட்ட பிள்ளையின் தொண்டையில் அந்தக் கிருமி கொஞ்ச நாள் தங்குகிறது. அது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொற்றுமா? தொற்றினால் கர்ப்பிணிக்கும் தொற்றும், ஊசியே வினையாகிவிடும்.

"அதை அநாதை இல்லத்துல பரிசோதிக்கப் போறோம். பிள்ளைங்க ஒரே கூடத்துல இருக்காங்க. பாதிப் பேருக்குப் போட்டு, மீதிப் பேரைக் கவனிக்கலாம். வசதி."

"வசதி யாருக்குங்க?" என்று வக்கீல் எழுந்தாள். "சம்மதம் யார் குடுப்பாங்க?"

"இல்லத்தோட நிர்வாகி."

"அவர் பெத்த பிள்ளைங்களா அதெல்லாம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஊசி வந்தா லாபம் எங்களுக்கு. கேக்க நாதியில்லாத பிள்ளைங்க உடம்பை எங்களுக்காக ஏன் குத்திப் பாக்கணும்? என் சின்னவனுக்கு நாலு வயசு. முதல் ஊசியை அவனுக்குப் போடுங்க. எங்க வீட்டுல நாங்க நெருக்கியடிச்சுத்தான் படுத்துக் கிடக்கோம். தொத்துதான்னு அங்க பாருங்க."

பிறகு பின்வரிசையில் ஒரு தகப்பன், "என் பொண்ணையும் எழுதிக்கோங்க" என்றான். அப்புறம் ஒவ்வொருவராக. டாக்டரை ஒரு விஷயத்துக்குப் பாராட்டத்தான் வேண்டும். அவர் வீம்பு பிடிக்காமல் திட்டத்தை மாற்றினார். இல்லத்துப் பரிசோதனை நின்றது, அதன் இடத்தில் வீடுகள் வந்தன.

டாக்டர் வீடு வீடாக வந்தார். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார். வக்கீல் வீட்டு முன்னறையில், மாமியாரும் ஆண்களும் உட்கார்ந்திருக்க, "வீட்டுல யாராவது முழுகாம இருக்கீங்களா?" என்று கேட்டார். மாடியறையில் கணவனோடு குடியிருந்த நாத்தனார் தலையைக் குனிந்து இல்லையென்று ஆட்டினாள். சின்னவனுக்கு ஊசி விழுந்தது. ஊரைக் கூட்டி அழுதுவிட்டு, சாயங்காலம் அந்தக் கையைத் தெருவெல்லாம் காட்டிப் பெருமையடித்தான். அத்தை தட்டில் சாப்பிட்டு, அத்தை மடியில் தூங்கினான்.

சில வாரம் கழித்து ஒரு காலை. நாத்தனார் குழாயடியில் வாந்தியெடுத்தாள். மாமியார் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தபடி, "மூணு மாசம் ஆகட்டும், சொல்லலாம்னு இருந்தோம்" என்றார்.

வக்கீல் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை! உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"இதையெல்லாம் தண்டோரா போடுவாங்களா? ரெண்டு தடவை தங்காமப் போச்சு, மறந்துட்டியா? நீ மட்டும் ஒழுங்கா? உன் நியாயத்தை அச்சாபீசோட வச்சுக்கக் கூடாதா? அந்த இல்லத்துலயே போட்டிருந்தா நம்ம வீட்டுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

அந்த ஒரு நொடி வக்கீலும் அதையேதான் நினைத்தாள். அங்கேயே போட்டிருக்கலாம். யாரோ பெற்ற பிள்ளைகள், யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். நினைத்த மறுகணம், தன்னைத் தானே அறைந்துகொண்டாற்போல் முகம் எரிந்தது. உலகத்து அநியாயமெல்லாம் பொல்லாதவர்கள் செய்வது என்று அவள் நம்பியிருந்தாள். தன் வீட்டு வாசலைக் காக்க நினைக்கும் சாதாரண பயம் போதும் போலிருக்கிறது.

"அங்க நடந்திருந்தாலும் இது வினைதான் அத்தை. நாம அழுதிருக்க மாட்டோம், அவ்வளவுதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாத்தனாரைக் கைப்பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் முதலில் எடுத்த ரத்தத்தின் முடிவைப் பார்த்தார். "உங்களுக்கு ஒரு தடவை வந்து போயாச்சு, கவலையில்ல" என்று வக்கீலிடம் சொல்லி, நாத்தனார் பக்கம் திரும்பினார். "உனக்கு எதிர்ப்பு இல்லம்மா. பையன் தொண்டையில கிருமி இருந்தது, பஞ்சுக்குச்சியில எடுத்துப் பாத்தோம்."

"எனக்குத் தொத்தியிருக்குமா?"

"தெரியாது. தொத்தாதுன்னு நம்புறேன். ஆனா தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தப் பரிசோதனையே." முடிவுத் தாளைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு என்னோடது. ஆம்பளைங்களும் பெரியவங்களும் உக்காந்திருக்க இதைக் கேட்டா எந்தப் பொண்ணு வாயைத் திறப்பா? இனிமே தனியா கூப்பிட்டுத்தான் கேக்கப் போறேன்" என்றார்.

தெரியாது என்று ஒரு படித்தவர் சொல்லி வக்கீல் அன்றுதான் கேட்டாள். ஏழு வருடமாக எல்லாம் தெரிந்தவர்களிடமே பேசிப் பேசி அலுத்திருந்தவளுக்கு, அந்தச் சொல்லில் காலூன்ற இடம் இருந்தது.

மறுபடி ரத்தம் எடுக்கும் நாள்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சின்னவனை மாடிப்படி ஏறவிடாமல் பிடித்து வைத்தார்கள், அவன் கீழே நின்று, "அத்தை என்னோட டூவா?" என்று கத்துவான். வக்கீல் தினமும் நாத்தனாரின் கையையும் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"என்ன அண்ணி, என்னையும் அச்சுப்பிழை திருத்துறீங்களா?"

"வாயை மூடுடி. இது என்ன சிவப்பு?"

"கொசு கடிச்சது. அதுக்கும் என் மேலதான் கோபமா?" சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் குரல் இறங்கியது. "சொல்லியிருக்கணும் அண்ணி. ரெண்டு தடவையும் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தருக்கா இல்லைன்னும் சொன்னேன். இந்தத் தடவை எனக்குத் தெம்பு இல்ல."

வக்கீல் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வாதாட அங்கே ஒன்றும் இல்லை.

முடிவைச் சொல்ல டாக்டரே அச்சகத்துக்கு வந்துவிட்டார். எந்திரம் ஓடும் இரைச்சலில் அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. "என்னது?" என்று வக்கீல் கத்த, "தொத்தல!" என்று டாக்டர் கத்த, எந்திரத்தை ஓட்டுபவர் அதை நிறுத்திவிட்டு, "யாருக்கு என்ன தொத்தல?" என்று பதறினார். நாத்தனாரிடம் முதலில் எடுத்த ரத்தத்தையும் மறுபடி எடுத்ததையும் பக்கத்தில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நாத்தனார் உடம்பில் கிருமி நுழைந்த சுவடே இல்லை. இதுவரை பார்த்த மற்ற வீடுகளிலும் அப்படியே.

கோத்த வரியைப் பாதியில் விட்டுவிட்டு வக்கீல் வீட்டுக்கு ஓடினாள். செய்தியைக் கேட்டு நாத்தனார் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்போ எனக்கு இன்னும் எதிர்ப்பே இல்லைல்ல? தெருவுல உண்மையான ரூபெல்லா வந்தா?"

"ஆமா. கூட்டத்துக்குப் போகாத, யாருக்காவது தடிப்புன்னா கிட்டப் போகாத. குழந்தை பொறந்ததும் முதல் வேலை உனக்கு ஊசி."

அந்தக் குளிர்காலம் நல்லபடியாகக் கழிந்தது. பெண்குழந்தை பிறந்தது. நாத்தனார் சொன்னபடி ஊசி போட்டுக்கொண்டாள். அடுத்த மூன்று மாதம் பிள்ளைப் பேச்சே கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, "மூணு வருஷம்னு எழுதிக் குடுங்க, அவர்கிட்ட காட்டுறேன்" என்றாள். பரிசோதனைகள் முடிந்து ஊசி பள்ளிகளுக்கு வந்தபோது, இல்லத்துப் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்றார்கள். தன் பிள்ளையோடு முன்னால் நிற்கத் தள்ளுமுள்ளு செய்தது அச்சகத்து முதலாளியின் மனைவிதான்.

அதற்கெல்லாம் முன்னால், குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாள், மூத்தவள் சத்தமில்லாமல் தொட்டிலருகே போனாள். பள்ளியில் ஆசிரியை பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, கேட்கிறதா என்று மணியடித்துப் பார்ப்பதை அவள் பலமுறை கண்டிருக்கிறாள். பித்தளைத் தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

குழந்தை கைகால் உதறித் துள்ளி, வீடே அதிர வீறிட்டது.

"ஏண்டி, புத்தி இருக்கா உனக்கு?" என்று மாமியார் ஓடிவந்தார். மூத்தவளுக்கு அந்தத் திட்டும் கேட்கவில்லை, அழுகையும் கேட்கவில்லை. குழந்தையின் துள்ளலை மட்டும் பார்த்துவிட்டு, அம்மா பக்கம் திரும்பித் தன் காதைத் தொட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள். பிறகு, நிச்சயப்படுத்திக்கொள்ள, இன்னொரு அடிக்குக் கரண்டியை ஓங்கினாள். வக்கீல் தடுக்கவில்லை.